எம்1பி என்று தொடங்கும் ஒரு வீட்டிலிருந்து

ஒன்ராறியோ நிதி அமைச்சுக்கும் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும்,

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோ மல்வேணில் இருந்து கார் காப்புறுதிக் கட்டணம் பற்றி எழுதுகிறேன். என் தபால் குறியீடு எம்1பி என்று தொடங்கும். காப்புறுதி முகவரிடம் அதைச் சொன்னால், "அண்ணை, உங்கட இடம்தான் பிரச்சினை" என்கிறார். அவரும் எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

என்னுடையது 2012ஆம் ஆண்டு கொரோலா. பதினாலு வருசமாக ஒரு பொலிஸ் ரிக்கற் இல்லை, ஒரு கிளெயிம் இல்லை. மாதம் 260 டொலர் கட்டுகிறேன். என்னோடு பிக்கரிங் பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறவர் பீற்றர்பரோவிலிருந்து நாளாந்தம் நெடுஞ்சாலையில் வருகிறார். ஓடும் தூரம் என்னைவிடப் பல மடங்கு, கட்டுவது என்னுடையதில் பாதிக்குச் சற்று மேலே.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். ஸ்காபரோவுக்கு இருந்த ஒரே இலகு ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது, அதோடு நின்றும்போனது. இரவு பதினொரு மணி வேலைக்கு மூன்று பஸ் மாறிப் போய்ப் பாருங்கள்.

கட்டணத்தைக் குறைக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். குளிர்கால ரயருக்குத் தள்ளுபடி 2016 முதல் கட்டாயம் என்பதால் நாலையும் வாங்கிப் பூட்டினேன். மாதம் பத்து டொலர்கூடக் குறையவில்லை. ஓட்டும் முறையைக் கைபேசியில் கண்காணிக்கும் திட்டத்தில் சேர்ந்தேன். நடுச்சாமத்தில் ஓடினால் புள்ளி வெட்டுகிறது. எனக்கு வேலையே நடுச்சாமத்தில்தான். ஒஷாவாவில் இருக்கும் மச்சானின் விலாசத்தைக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. அது பொய், நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் அந்தப் பொய்யைக் காட்டியே கையை விரித்துவிடுவார்கள். நான் செய்யவில்லை.

இங்கே கார் களவு அதிகம், காப்புறுதிக் காசுக்காகத் திட்டமிட்டு மோதுகிறவர்கள் இருக்கிறார்கள், விபத்து நடந்த இடத்துக்கு அம்புலன்சுக்கு முன்னாலேயே இழுவை வண்டி வந்து நிற்கிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் ஆட்களும் இதில் கை நனைத்திருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கள்ளனும் நானும் ஒரே தெருவில் இருந்தால் கள்ளனுக்குரிய கட்டணத்தை என்னிடம் அறவிடுவது என்ன கணக்கு?

விபத்துகளும் உயிரிழப்புகளும் கனடாவிலேயே மிகக் குறைவான மாகாணங்களில் ஒன்று ஒன்ராறியோ, ஆனால் பிரீமியம் மிக அதிகம் என்று 2017இல் அமைச்சின் ஆலோசகர் டேவிட் மார்ஷலே எழுதினார். 2013இல் அப்போதைய அரசு கட்டணத்தைச் சராசரியாக 15 வீதம் குறைப்போம் என்றது. அந்த அளவுக்குக் குறையவில்லை. தபால் குறியீட்டை வைத்துக் கட்டணம் கூட்டும் பாகுபாட்டை ஒழிக்க 2018இல் சட்டமன்றத்துக்கு வந்த தனிநபர் மசோதாக்கள் சட்டமாகவே இல்லை.

அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தவை "தெரிவுகள்". 2024 ஜனவரி முதல், கட்டணம் குறைய வேண்டுமானால், மற்றவர் பிழையால் என் கார் நொறுங்கினாலும் எனக்கு இழப்பீடு வேண்டாம் என்று கையொப்பம் வைக்கலாம். 2026 ஜூலை முதல், காயப்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் கிடைக்கும் வருமான இழப்பீடும் விரும்பினால் மட்டும் வாங்குவது. இந்தத் தெரிவை யார் எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? காசு உள்ளவன் அல்ல. மாதம் 260 கட்டுகிறவன்தான் முதலில் வெட்டுவான். விபத்து நடந்தால் வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நிற்கப்போகிறவனும் அவன்தான்.

நிறுவனங்களின் கட்டண விண்ணப்பங்களை அங்கீகரிப்பது ஆணையம். ஆகவே ஒன்று கேட்கிறேன். புதுப்பிப்புக் கடிதத்தில் ஒரு வரி கட்டாயமாக்குங்கள்: இந்தத் தொகையில் நீங்கள் கார் ஓட்டும் முறைக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு, விலாசத்துக்கு இவ்வளவு. அதைப் பார்த்த பிறகு விலாசத்தின் பங்குக்கு ஓர் உச்சவரம்பு கேட்டு நாங்கள் வருவோம்.

என்னுடையது நவம்பரில் புதுப்பிக்க வருகிறது.

இப்படிக்கு,
மல்வேண் சாரதி ஒருவர்