லண்டன் கூட்டத்துத் திருவிருந்து: போதகர் ஐயாவுக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆங்கிலிக்கன் லுத்தரன் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்கு ஆராதனை ஒழுங்கு செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கணக்கு, தேர்தல், சொற்பொழிவு எல்லாம் செயலாளர் பார்த்துக்கொள்வார். அவற்றில் ஏதாவது பிசகினால் மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துபோகும். அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்தில் பிசகினால் மறக்க மாட்டார்கள். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

1984-இல் தொடங்கிய இந்தச் சங்கம் ஒரு சபை அல்ல, தனி ஆட்கள் சேர்ந்த நட்புச் சங்கம். பலிபீடத்தில் யார் நிற்கலாம் என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. இடம் கொடுக்கிற ஆலயத்தின் சபைச் சட்டம்தான் செல்லும். ஆகவே முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், நடத்துகிற குருவானவரைப் பிறகு தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் தவிக்கிறார்கள்.

இங்கிலாந்து திருச்சபையின் ஆலயம் கிடைத்தால், அந்தச் சபையின் குருவானவரே நடத்துவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. போர்வோ என்பது ஆங்கிலிக்கன் சபைகளும் வட ஐரோப்பிய லுத்தரன் சபைகளும் குருப்பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கச் செய்துகொண்ட உடன்படிக்கை; அதில் சேர்ந்த ஸ்வீடன், நார்வே, பின்லாந்து போன்ற சபைகளின் போதகரும் நடத்தலாம். ஆனால் வெளிநாட்டில் பட்டம் பெற்ற குருமாருக்கான 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதமப் பேராயரின் அனுமதி வேண்டும். அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை அல்ல, மூன்று மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஜெர்மனியிலிருந்து வருகிறவர், இங்கிலாந்து திருச்சபையும் ஜெர்மன் சபைகளும் செய்துகொண்ட மைசன் உடன்படிக்கைக்குக் கீழ் வருவார். அவர் பிரசங்கிக்கலாம், வேதபாடம் வாசிக்கலாம், திருவிருந்து எடுக்கலாம். நடத்துபவரின் இடத்தில் மட்டும் நிற்க முடியாது, ஏனென்றால் மைசன் குருப்பட்டங்களைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்கிற அளவுக்குப் போகவில்லை. இதை அவரிடம் முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அங்கி மாட்டும் அறையில் வைத்துச் சொன்னால் யாருக்கும் மனம் வருந்தும்.

போர்வோவிலும் ஒரு கண்ணி உண்டு. 1992-இல் வாசகம் முடிவாகி, 1996-இல் ட்ரோண்ட்ஹெய்ம், தாலின், வெஸ்ட்மின்ஸ்டர் என்று மூன்று ஊர்களில் கையெழுத்தானபோது எல்லா லுத்தரன்களும் அதில் இல்லை. டென்மார்க் 2010-இல்தான் சேர்ந்தது. பிரிட்டனில் உள்ள லுத்தரன் திருச்சபையும், வெளிநாடு வாழ் லாட்வியர்களின் லுத்தரன் சபையும் 2014-இல் சேர்ந்தன. லாட்வியாவின் உள்நாட்டுச் சபை இன்னும் கையெழுத்திடவில்லை. ஆகவே ‘லாட்வியப் போதகர்’ என்று மட்டும் குறித்துவைத்தால் போதாது, எந்தச் சபையில் பட்டம் பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் பட்டம் பெற்ற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குப் பேராயர் வரிசை (ஒரு பேராயர் அடுத்தவருக்குக் கை வைத்துப் பட்டம் கொடுத்துவரும் தொடர்) 1921-இல் ஸ்வீடன் வழியாகத்தான் வந்தது. ஸ்வீடன் சபை போர்வோவில் இருக்கிறது. அப்படியானால் நானும் போர்வோதானே என்று தோன்றும், பலருக்கும் தோன்றியிருக்கிறது. போர்வோ வரிசையைப் பார்ப்பதில்லை, கையெழுத்திட்ட சபைகளின் பட்டியலைப் பார்க்கிறது. தமிழ்ச் சபை அந்தப் பட்டியலில் இல்லை. நிகழ்ச்சித்தாளில் நடத்துபவர் என்று உங்கள் பெயரை அன்பின் மிகுதியால் அச்சடித்துவிடுவார்கள், பிழைதிருத்தத்திலேயே பாருங்கள். நீங்களே நடத்த வேண்டும் என்று எல்லாரும் விரும்பினால், லண்டனில் உள்ள ஒரு லுத்தரன் ஆலயத்தில் இடம் கேட்பதே சுலபமான வழி.

நம்மவர்களுக்கு இது புதுச் சண்டையும் அல்ல. தஞ்சையிலும் திருச்சியிலும் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் லுத்தரன் பட்டத்தோடு, லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளம் வாங்கி ஊழியம் செய்தார். 1790-இல் தமிழ் உபதேசியார் சத்தியநாதனுக்கு லுத்தரன் முறைப்படி பட்டம் கொடுத்தபோது அந்த லண்டன் சங்கம் மறுக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குள் காற்று மாறிவிட்டது. திருநெல்வேலியில் இன்னொரு ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் தம் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பட்டம்தான் வேண்டும் என்பதை ஏற்கவில்லை, 1835-இல் அவரை அனுப்பிய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ். அவரை விலக்கியது. பேச்சாளர் வராமல் போய் உங்களைப் பேசச் சொன்னால், 1706-இல் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்த கதையை விட்டுவிட்டு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். ஐரோப்பிய உறுப்பினர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆராதனை முறைமையை ஒட்டுப்போடாதீர்கள். பாவ அறிக்கை இங்கிருந்து, ஸ்தோத்திர ஜெபம் அங்கிருந்து என்று கலந்தால் இரண்டு பக்கத்தாரும் தாளிலிருந்து தலை நிமிராமல் படித்துக்கொண்டிருப்பார்கள். இந்த வருஷம் முழுக்க ஒரு சபையின் முறைமை, அடுத்த வருஷம் மற்றதினுடையது. வேதபாடத்துக்கும் அதே விதி. இங்கிலாந்து திருச்சபையின் பாட அட்டவணையும் ஜெர்மன் அட்டவணையும் ஒரே ஞாயிறில் ஒத்துப்போவது அபூர்வம்.

அப்பத்திலும் ரசத்திலும்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். இங்கிலாந்து சபைச் சட்டப்படி அப்பம் கோதுமை மாவு, ரசம் புளித்த திராட்சரசம். ஜெர்மன் சபைகளில் புளிக்காத சாறு சாதாரணம், அதை இங்கே மேசையில் வைக்க முடியாது. மது தொடாதவர்கள் அப்பம் மட்டும் எடுத்தாலும் முழு நற்கருணைதான் என்று தாளில் ஒரு வரி அச்சடியுங்கள். நம் ஊரில் பழகிய சிறு கோப்பைத் தட்டையும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே ஒரே பாத்திரம்தான் வழக்கம். 60 பேருக்கு 750 மில்லி பாட்டில் ஒன்று தாராளம். அப்பம் கொடுக்க ஒருவர் நின்றால் பாத்திரத்துக்கு இருவர் நிற்கட்டும், துடைத்துத் திருப்பிக் கொடுப்பதில் நேரம் போகும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான அப்பத்தைத் தனிச் சிறு தட்டில் மூடி வையுங்கள். மற்ற அப்பத்தோடு தொட்டுவிட்டால் அதற்குப் பயனில்லை.

பாட்டு ஒவ்வொன்றுக்கும் வார்த்தைகளை முழுக்க அச்சடியுங்கள். லுத்தரின் அரணான பட்டணப் பாட்டுக்கே பிரிட்டனில் கார்லைலின் மொழிபெயர்ப்பு, அமெரிக்காவில் பரவலாக ஹெட்ஜின் மொழிபெயர்ப்பு. ராகம் ஒன்றுதான், தாளம் வேறு. ஜெர்மன் பாட்டுப் புத்தகத்தில் பழைய குதிக்கும் தாளம், ஆங்கிலேயர் புத்தகங்களில் பெரும்பாலும் சமமாக நடக்கும் தாளம். எது என்று ஆர்கன் வாசிப்பவரிடம் சொல்லாவிட்டால் இரண்டாம் வரியிலேயே சபை இரண்டாகப் பிரியும். ஜெர்மானியர் உட்கார்ந்து பாடுவார்கள், ஆங்கிலேயர் எழுந்து நிற்பார்கள். ‘நிற்க’, ‘அமர்க’ என்று ஓரத்தில் போடுங்கள்.

விசுவாசப் பிரமாணத்தில் ஜெர்மானியர் ‘கிறிஸ்தவ சபை’ என்பார்கள், ஆங்கிலேயர் ‘கத்தோலிக்க’ என்பார்கள். தமிழில் ‘பொது’ என்று சொல்லி நம் முன்னோர் தப்பித்துக்கொண்டார்கள். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் தாய்மொழியில் சொல்லட்டும். அப்போது நடத்துபவர் ஒலிவாங்கியை விட்டு ஓரடி பின்னால் நிற்க வேண்டும், ஆங்கிலத்தில் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஜெபத்துக்குத் தாவக் கூடாது. பின்னிஷ்காரர் அப்போது பாதியில் இருப்பார்.

மீந்த அப்பத்தையும் ரசத்தையும் ஆங்கிலிக்கன் ஒழுங்குப்படி அன்றே உண்டு முடிக்க வேண்டும், பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. சில லுத்தரன் சபைகளில் பத்திரமாக எடுத்துவைப்பார்கள், அதனால் உதவிக்கு வருபவர் தெரியாமல் ஊற்றிவிடக்கூடும். ரசத்தைப் பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றி, தேவைப்பட்டால் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். மிச்சத்தைக் குடித்து முடிக்க, திரும்பும்போது கார் ஓட்ட வேண்டியிராத இருவரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் ஆராதனைக் குழு நண்பர்கள்