நாட்களை நீட்டினால் சந்தை நிலைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊர்ச் சந்தைகள் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆண்டுச் சந்தை என்றாலே ராட்டினமும் வேடிக்கையும்தான் என்று கட்டுரையாளர் முடிவு கட்டிவிட்டார்; சந்தைகள் பிழைக்க அவற்றை ஒரு மாதம் நடத்த வேண்டும் என்றும் யோசனை சொல்கிறார். நீராவி ராட்டினம் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கூட்டத்தை இழுத்தது வியாபாரம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வாத்துச் சந்தையையே எடுத்துக்கொள்ளலாம். 1284இல் முதலாம் எட்வர்ட் மன்னர் வழங்கிய சாசனத்திலேயே அவ்வூரின் செப்டம்பர் சந்தை பேசப்படுகிறது. செப்டம்பர் 29 புனித மிக்கேல் திருநாள். அன்று வாத்துக்கறி விருந்து. அதற்காக லிங்கன்ஷயர் மாவட்டத்திலிருந்தெல்லாம் மந்தை மந்தையாக வாத்துகளை நடத்தியே கொண்டுவந்தார்கள். வழியில் பாதம் தேயாமலிருக்க, தாரிலும் மணலிலும் தோய்த்து நடக்க விட்டார்களாம். 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களைக் கழித்தபோது சந்தை அக்டோபருக்கு நகர்ந்தது. அதோடு நிறைய வாத்துகள் தப்பித்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பாலாடைக்கட்டிக்கும் அது பெரிய சந்தை. 1766இல் விலை எகிறியதும் மக்கள் கொதித்துப்போய்க் கடைகளைச் சூறையாடினார்கள். வண்டிச் சக்கரம் போன்ற பாலாடைக்கட்டிகள் தெருச் சரிவில் உருண்டோடின. சமாதானம் பேச வந்த மேயரையே ஒன்று இடித்துத் தள்ளியது. சிரிக்கத் தோன்றும், ஆனால் படைவீரர்கள் சுட்டதில் ஓர் உயிர் போனது. கேளிக்கைக்காக மட்டும் கூடிய இடத்தில் இப்படி நடக்குமா?

வெளியூர் வியாபாரிக்கு வழக்கு என்று வந்தால், அவர் மூட்டை கட்டுவதற்குள் தீர்ப்பு கிடைத்தாக வேண்டும். அதற்கென்றே அந்நாட்டுச் சந்தைகளுக்குள் தனி நீதிமன்றங்கள் இருந்தன. ஓரிரு நாளில் வழக்கு முடிந்துவிடும். (வாய்தா வாங்கியே வயதானவர்கள் மன்னிக்க.)

கட்டுரையின் கடைசியில் வரும் யோசனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சந்தைகளை ஒரு மாதம் நடத்தினால் அவை பிழைக்குமாம்! லண்டனின் பார்த்தலோமியோ சந்தை 1133இல் சாசனம் பெற்றது; மூன்று நாள் துணிச் சந்தை. 17ஆம் நூற்றாண்டில் இரண்டு வாரமாக வீங்கியது. துணி வியாபாரம் தேய்ந்து, குடியும் அடிதடியும் மிஞ்சின. 1691இல் நான்கு நாளாகக் குறைத்துப் பார்த்தும் பெயர் தேறவில்லை. 1855இல் இழுத்து மூடிவிட்டார்கள்.

நாட்டிங்ஹாமில் எட்டு நாள் சந்தையை 1876இல் ஐந்து நாளாகவும் 1880இல் மூன்று நாளாகவும் சுருக்கினார்கள். 1928இல் நகர நடுவிலிருந்து வெளியே மாற்றினார்கள். இரண்டு உலகப் போர்களின்போதும் நிறுத்தினார்கள். அத்தனையையும் தாண்டிச் சந்தை நிலைத்தது. 'இந்த வாரம் விட்டால் அடுத்த வருடம்தான்' என்ற பதற்றம்தான் ஜனங்களை வீட்டைவிட்டுக் கிளப்புகிறது. ராட்டினக்காரர்களின் கஷ்டம் புரியாமல் சொல்லவில்லை. மூன்று நாளும் மழை கொட்டினால் போட்ட முதலும் போய்விடும். 2022இலிருந்து அங்கும் பத்து நாளாக்கிவிட்டார்கள். எனக்கு அது அதிகமாகவே படுகிறது. முப்பது நாள் என்பது சந்தையல்ல, கடைவீதி.

நீட்டச் சொல்லும் கட்டுரையாளர் பார்த்தலோமியோவின் கதையையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அடுத்த இதழில் அவருடைய பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்