எதிர்னேயில் உதவிய பெரியவருக்கு நன்றி

துருக்கியின் எதிர்னே நகரில், பழைய மர வீடுகள் நிறைந்த கலேஇச்சிப் பகுதியின் சந்தொன்றில், இருபுறமும் நின்ற கார்களுக்கிடையே தங்கும் வசதியுடைய எங்கள் மோட்டார்ஹோம் வண்டி சிக்கியபோது, யாரும் அழைக்காமலே கடையை விட்டு இறங்கி வந்த பெரியவரே, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பின்னால் வந்த வாகனங்களை நிறுத்தி, கார்களின் பக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, கைச்சைகையாலேயே வண்டியைப் பெருந்தெரு வரை பின்னோக்கிக் கொண்டுவரச் செய்தீர்கள். நாங்கள் நீட்டிய பணத்தைத் தொடவும் மறுத்துவிட்டீர்கள். அத்துடன் விடாமல், கடைவீதியில் பழங்களின் வடிவில் அடுக்கியிருந்த சோப்புகளையும், மணப்பெண்ணின் சீர்ப் பொருளாக விளங்கிய கண்ணாடி பதித்த துடைப்பங்களையும் காட்டி, உதுமானியக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டி 1575இல் நிறைவுற்ற செலிமியே பள்ளிவாசலுக்குள் அழைத்துச் சென்று, பளிங்குத் தூணில் தலைகீழாகச் செதுக்கப்பட்ட துலிப் மலரையும் சுட்டிக்காட்டினீர்கள். நீங்கள் இல்லையென்றால், மாபெரும் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தபடியே அச்சிறு மலரைக் கடந்து போயிருப்போம். எதிர்னேயில் பழக்கமுள்ள எவரேனும் இந்த நன்றியை உங்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.