கவர் விற்கிறவன் எழுதும் நன்றி மடல்

சனிக்கிழமை சாயங்கால வேதபாடத்துக்கு வந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபைக்கு வெளியே இருந்து வந்து உட்கார்ந்தவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்தில் முடிய வேண்டிய, வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்து 18-ஆம் அதிகாரம் ஏழு வாரம் இழுத்ததற்குக் காரணம் நான்தான். ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, "போதும்யா, அடுத்த வசனத்துக்குப் போவோம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல். யார் பேரையும் போடவில்லை, போட்டால் நீங்களே கடைக்கு வந்து சத்தம் போடுவீர்கள்.

எப்படி ஆரம்பித்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பா இறந்தபிறகு பட்டாவில் பேர் மாற்ற ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நடந்து நடந்து அலுத்துப்போய், கடைசியில் என் கடையிலேயே விற்கிற வெள்ளைக் கவர் ஒன்றை எடுத்து, உள்ளே வைக்க வேண்டியதை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை முடிந்தது. அதை ஒருவரிடம் சொல்லிக் குறைபட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஏன் தம்பி வருத்தம்? வேதத்திலேயே இருக்குதே" என்று வசனத்தை எடுத்துவிட்டார். ஒருவன் கொடுக்கும் வெகுமதி அவனுக்கு வழி உண்டாக்கி, பெரியோர்களுக்கு முன்பாக அவனைக் கொண்டுபோய்விடும். நீதிமொழிகள் 18:16. எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தால்தான் உறுத்தியது.

முதல் நன்றி தமிழ் டீச்சர் அம்மாவுக்கு. வேதத்தில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற, அட்டை பிய்ந்துபோன ஒத்தவாக்கிய அகராதியைக் கையில் கொடுத்து, "வெகுமதி என்று எங்கெல்லாம் வருதோ பார், பரிதானம் என்று எங்கெல்லாம் வருதோ பார், இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதே" என்றீர்கள். பரிதானம் என்றால் லஞ்சம் என்பதே நம் வாலிபர்கள் பலருக்குத் தெரியவில்லை, ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்திருக்கிறார்கள். காதில் அப்படித்தான் விழுகிறது, தானம் என்று முடிகிறதே. நோட்டில் பிரித்து எழுதிய பிறகுதான் 18:16-க்கு ஓர் அதிகாரம் முன்னால், 17:23-இல், துன்மார்க்கன் நீதியின் வழியைப் புரட்ட மடியிலுள்ள பரிதானத்தை வாங்குவான் என்று இருப்பது என் கண்ணில் பட்டது. இத்தனை வருடம் இரண்டையும் வாசித்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

இறையியல் படிக்கிற தம்பி, நீங்கள் விடுமுறைக்கு வந்த இரண்டு சனிக்கிழமையும் எங்களுக்காகவே ஒதுக்கினீர்கள். 18:16-இல் எபிரெயத்தில் இருப்பது மத்தான், சும்மா கொடுக்கிற கொடை; 17:8-இலும் 17:23-இலும் இருப்பது ஷோகாத், அதுதான் லஞ்சம் என்று பிரித்துக் காட்டினீர்கள். மத்தான் செய்வது, ஒருவனுக்கு இடத்தை அகலமாக்குவது என்றும் சொன்னீர்கள். கூட்டத்தில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று யாரோ நமக்கு இடம் பண்ணிக் கொடுப்பதுபோல. இன்னொன்றும் சொன்னீர்கள், அதுதான் என்னைச் சுட்டது. பரிதானம் இரத்தினம்போலிருக்கும், அது நோக்கும் திசையெல்லாம் காரியம் வாய்க்கும் என்கிற 17:8-இல், நம் வேதாகமம் "வாங்குகிறவர்களின் பார்வைக்கு" என்று போட்டிருக்கிறது. மூலத்தில் "அதை உடையவனின் பார்வைக்கு" என்றுதான் இருக்கிறதாம், கொடுக்கப் போகிறவனாகவும் இருக்கலாமாம். அப்படியென்றால் கையில் கவரை வைத்துக்கொண்டு எந்தக் கதவும் திறக்கும் என்று நினைக்கிறவனைப் பார்த்து, நீதிமொழிகளைச் சொன்ன சாலொமோன் சிரிக்கிறார். அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டது நோட்டு எழுத இல்லை.

சரி, ஒரு சின்ன விஷயம். "உன் தாலந்து உனக்கு வழி உண்டாக்கும்" என்று இந்த வசனத்தை வைத்து இப்போது நிறையப் பேர் பிரசங்கம் பண்ணுகிறார்கள். இங்கிலீஷில் கொடைக்கும் திறமைக்கும் ஒரே வார்த்தை இருப்பதால் வந்த வினை இது. தமிழில் வெகுமதி என்று பளிச்சென்று போட்டிருக்க, நாமும் ஏன் அதைத் தாலந்து ஆக்க வேண்டும்? திறமை வழி திறக்காது என்று நான் சொல்லவில்லை. 22:29-இல் தன் வேலையில் ஜாக்கிரதையாயிருக்கிறவன் ராஜாக்களுக்கு முன்பாக நிற்பான் என்று அதற்குத் தனி வசனமே இருக்கிறது. அதை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஆட்டுக்கார அண்ணன். நீங்கள் நம் சபைக்காரர் இல்லை, வேதாகமத்தைக் கையில் எடுத்ததுகூட இல்லை என்றீர்கள். ஆனால் ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தை உங்களைப்போல் எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. அண்ணனை ஏமாற்றி ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு ஓடிய யாக்கோபு, 20 வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். அந்த அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான். யாக்கோபு பயந்துபோய் முன்னாலேயே வெகுமதி அனுப்புகிறான். 200 வெள்ளாடு, 20 வெள்ளாட்டுக்கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, பால் கொடுக்கிற ஒட்டகம் 30, அவற்றின் குட்டிகள், 40 கடாரி, 10 காளை, 20 கோளிகைக் கழுதை, 10 கழுதைக்குட்டி. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி. நாங்கள் "அடேயப்பா" என்றதோடு நிறுத்திவிட்டோம். நீங்கள்தான் கொஞ்சநேரம் கணக்குப் போட்டுவிட்டு, "இருபது இருபத்தஞ்சு பெட்டைக்கு ஒரு கிடா போதும். இந்த ஆளு பத்துக்கு ஒண்ணு குடுத்திருக்காரு. இது கறிக்குக் குடுத்தது இல்ல, பெருக்கிக்கிடக் குடுத்தது" என்றீர்கள். வேதபாடம் நடத்தும் உபதேசியார் தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மந்தைக்கும் மந்தைக்கும் நடுவே இடம் விடச் சொன்னது ஏன் என்று கேட்டபோதும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். எல்லாம் ஒன்றாக வந்தால் ஒரே புழுதி, எத்தனை என்று கண்ணுக்குத் தெரியாது. விட்டு விட்டு வந்தால், கோபத்தோடு வருகிறவன் ஒவ்வொரு மந்தைக்கும் நின்று, இது யாருடையது என்று கேட்டே ஆகவேண்டும். ஒவ்வொரு மேய்ப்பனும் ஒரே பதிலைச் சொல்கிறான்: இது உமது அடியான் யாக்கோபுடையது, ஏசாவுக்கு அனுப்பப்பட்ட வெகுமதி, அதோ அவனும் எங்கள் பின்னாலே வருகிறான்.

அந்த இடத்தில்தான் எனக்கு என் கடை ஞாபகம் வந்தது. ஒற்றைக் கவர் கேட்டு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை மொய்க் கவர், ஒரு ரூபாய் ஒட்டினது. வாங்கின கையோடு என்னிடமே பேனா கேட்டு, ஊர் பேர், தகப்பனார் பேர், இனிஷியல் எல்லாம் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். இன்னொரு வகை வெறும் வெள்ளைக் கவர். அதில் யாரும் பேர் எழுதுவதில்லை, பேனாவும் கேட்பதில்லை, சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். யாக்கோபு அனுப்பியது பேர் எழுதின கவர். நான் கொடுத்தது மற்றது.

இதை நான் பெரிய கண்டுபிடிப்புபோல அடுத்த வாரம் சொன்னபோது, என்னை விடாமல் மடக்கிய பெரியம்மாவுக்கும் நன்றி. "அப்படின்னா 21:14 என்னத்துக்கு இருக்கு? அந்தரங்கமாய்க் கொடுக்கப்பட்ட வெகுமதி கோபத்தைத் தணிக்கும்னு போட்டிருக்கே. வலதுகை செய்யுறதை இடதுகை அறியக்கூடாதுன்னு இயேசு சாமியும் சொல்லியிருக்காரே" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வசனத்தின் அடுத்த பாதியில் பரிதானமே வருகிறது என்பது இன்னும் குழப்பியது.

அதற்கு வழி காட்டியவர், ஆயுசு முழுக்க அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. நான் கவர் கொடுத்ததை முதலில் சொன்னது உங்களிடம்தான். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "பேர் எழுதினாயா இல்லையா என்று பார்க்காதே, வாங்குகிறவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்" என்றீர்கள். ஏசா நியாயாதிபதி இல்லை, கோபப்பட்ட அண்ணன். யாத்திராகமம் 23:8 பேசுவது வழக்கு விசாரிக்கிற இடத்தில் இருக்கிறவனிடம். பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று அவனுக்குத்தான் சொல்லியிருக்கிறது. அப்புறம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "உன் பைல் மேலே வந்தது சரி, அப்போ யாருடைய பைல் கீழே போயிருக்கும்?" எனக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது, தெரியவும் போவதில்லை. ஆனால் அவர் இன்றைக்கும் என் கடைக்கு வந்து ஒற்றைக் கவர் வாங்கலாம்.

பவுலைக் காவலில் வைத்திருந்த தேசாதிபதி பேலிக்ஸ் கதையையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். அப்போஸ்தலர் 24-இல், என் ஜனத்தாருக்குத் தர்மப்பணம் கொண்டுவந்தேன் என்று பவுல் அந்தத் தேசாதிபதியின் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் தேசாதிபதிக்கு நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது. அடிக்கடி பவுலைக் கூப்பிடுகிறான், பேசுகிறான், திருப்பி அனுப்புகிறான். இல்லை என்றும் சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை. பவுல் கொடுக்கவில்லை, செசரியாவில் 2 வருடம் காவலிலேயே கிடந்தார். "மறுபடி வா, மறுபடி வா என்கிற ஆபீசர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறான்" என்று நீங்கள் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

சபை விருந்தான அசனத்துக்குச் சமைக்கிற அக்காமார்களை விட்டால் இந்த மடல் முழுசாகாது. புருஷன் நாபால் அவமதித்து அனுப்பியதால் கோபத்தோடு புறப்பட்டு வந்த தாவீதுக்கு அபிகாயில் கொண்டுபோன சாமான் பட்டியலை வாசித்தபோது, 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஆடு ஐந்து, வறுத்த பயறு ஐந்து படி, திராட்சை வற்றல் 100 குலை, அத்திப்பழ அடை 200 என்று கேட்டுவிட்டு நீங்கள் உடனே, "ஆள் எத்தனை?" என்றீர்கள். 400 பேர் பட்டயத்தோடு போகிறார்கள், 200 பேர் சாமான்களுக்குக் காவல். "அறுநூறு பேருக்கு அஞ்சு ஆடா? ஒரு வாய்க்குக்கூடப் பத்தாதே!" உண்மைதான். நாபாலிடம் 3000 செம்மறியும் 1000 வெள்ளாடும் இருந்தன, அவள் கைக்கு அவசரத்தில் கிடைத்தது இவ்வளவுதான். அப்படியானால் தாவீதின் கோபத்தை ஆற்றியது சாப்பாடு இல்லை என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். திரும்பப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. கழுதைகளை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வந்து, முகங்குப்புற விழுந்து அவள் பேசுகிற பேச்சு நீளமானது. தாவீது ஆசீர்வதிப்பது அவளையும் அவள் யோசனையையும்தான். அப்பத்தை அப்புறம் வாங்கிக்கொள்கிறான்.

யோசேப்பு கதையில் யாரும் பார்க்காததைப் பார்த்த பத்தாம் வகுப்புப் பாப்பா, உனக்கும். பஞ்ச காலத்தில் யாக்கோபு, அது தன் மகன் யோசேப்புதான் என்று தெரியாமல், எகிப்தின் அதிபதிக்கு அனுப்புகிற பிசின்தைலம், கந்தவர்க்கம், வெள்ளைப்போளம் மூன்றும், சின்ன வயதில் யோசேப்பை விலைக்கு வாங்கிப்போன வியாபாரிகளின் ஒட்டகத்தில் இருந்த அதே மூன்று சரக்கு என்றாய். 37-ஆம் அதிகாரத்தையும் 43-ஆம் அதிகாரத்தையும் விரல் வைத்துக் காட்டினாய். எங்களில் சிலர் அம்பது வருடமாக வாசிக்கிறோம் பாப்பா.

கவர் கொடுத்த கதையை நான் எல்லார் முன்னாலும் சொன்ன ஐந்தாவது சனிக்கிழமை பற்றி நிறைய எழுத வேண்டாம். யாரும் புத்தி சொல்லவில்லை. ஓர் அம்மா எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர், தனித்தனியாக, தாங்களும் கொடுத்ததைச் சொன்னார்கள்.

அல்வா விஷயம் மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற ஐயாவுக்கு நன்றி சொல்ல அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இது மத்தானா, ஷோகாத்தா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "எனக்கு இனி எந்த நாற்காலியும் இல்லை, தைரியமாக் குடு" என்று வாங்கி, ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

டீச்சர் அம்மா, அகராதி அடுத்த வாரம் வரும், அட்டை ஒட்டக் கொடுத்திருக்கிறேன். ஆட்டுக்கார அண்ணன், ஒட்டகத்துக்கு ஏன் ஆண் ஒட்டகம் அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்ட கேள்வியை உபதேசியார் இன்னும் நோட்டில் வைத்திருக்கிறார்.

சித்தப்பா பங்கு நிலத்துக்கும் அதே அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை கவர் இல்லை. மூன்று முறை போயாயிற்று, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட வருகிறேன் என்று சொன்ன ஐயா, திங்கட்கிழமை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டீ என் கணக்கு, சர்க்கரை போடாமல்.