வார்டு உறுப்பினருக்குப் போடும் வாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டுதான் என்பதால், அடுத்த தேர்தலை முன்னிட்டு இதை எழுதுகிறேன்.

சென்ற தேர்தலில் எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி, நான்கு வாக்குச்சீட்டுகளையும் கையில் வாங்கிக்கொண்டு, "இதுல கட்சிச் சின்னம் எதுல இருக்குது சாமி?" என்று கேட்டார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விடை தெரியும் என்பது ஐயமே. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டும், மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டும் கட்சி அடிப்படையிலானவை. ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும் வார்டு உறுப்பினருக்கான சீட்டிலும் கட்சிக்கு இடமில்லை.

இவற்றுள் வார்டு உறுப்பினர் வாக்கைத்தான் நாம் மிகவும் இளக்காரமாகக் கருதுகிறோம். பங்காளி, சம்பந்தி, பக்கத்து வீட்டுப் பையன் என்ற முறையில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த உறுப்பினர்களே. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்பது தமிழகத்து நடைமுறை. இருவரும் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டால், குடிநீர் மோட்டார் பழுது பார்த்த கூலிகூட நிலுவையில் நிற்கும். கேள்வியே இல்லாமல் ஒத்துப்போனாலோ, செய்யாத வேலைக்கும் பில் போகும். தெருவிளக்கு எரியவில்லை என்று சட்டமன்ற உறுப்பினரின் காரை மறிக்கும் நாம், அது ஊராட்சியின் கடமை என்பதையும், அதைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவர் நாம் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் என்பதையும் நினைப்பதில்லை.

பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்க, பிரச்சார நோட்டீஸில் கணவரின் படம் பெரிதாகவும் வேட்பாளரின் படம் தபால்தலை அளவிலும் இருப்பதைப் பார்த்தும் நாம் ஒன்றும் கேட்பதில்லை. கூட்டத்துக்கு யார் வருவார் என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டு வாக்களித்தால் என்ன?

பணத்தைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணப் பட்டுவாடா புகாரால் 2019 ஏப்ரலில் நம் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது. ஊராட்சித் தேர்தலில் தொகை சிறிது. ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் ஒரே தெருக்காரர்கள் என்பதால் புகார் எழுவதே அரிது.

யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்க வழியில்லாமல் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி முதலிய நாள்களில் கூடும் சபையில் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை படித்தாலே, மீண்டும் நிற்கும் தலைவரை எடைபோட்டுவிடலாம். புதிதாக நிற்பவர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்கள் வேட்புமனுவுடன் தரப்படுகின்றன.

வேட்புமனுத் தாக்கல் முடிந்ததும் அணைக்கட்டு, கணியம்பாடி, காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு என ஒன்றியவாரியாக இந்த விவரங்களைத் தங்கள் மாவட்டப் பக்கங்களில் வெளியிட்டால், வாக்குப்பதிவுக்கு முன்பே டீக்கடைகளில் அவை பேச்சாகிவிடும். அன்புகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.