ஆறு புட்டிகளில் எதை முதலில் திறப்பது

அன்பு மகளுக்கு,

உன் வயிற்று உபாதைக்காக வாங்கிய ஆறு புட்டிகளின் படத்தை அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என் மனம் நிலைகொள்ளவில்லை. இதே எரிச்சல் குடல் நோயுடன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருபவன் என்பதால், பட்டு அறிந்ததையும் படித்து அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐந்து புட்டிகளை இன்றே மூடி வைத்துவிடு. ஆறையும் சேர்த்து விழுங்கினால், வலி குறைந்தாலும் உப்புசம் கூடினாலும் அது எதனால் என்று உனக்கும் தெரியாது, உன் மருத்துவருக்கும் தெரியாது. இந்த நோய் சில வாரங்கள் தானாகவே அடங்கி, பிறகு காரணமின்றித் தலைதூக்கும் இயல்புடையது. அதனால் ஒன்றைத் தொடங்கி, நான்கு வாரங்களாவது தொடர்ந்து, தினமும் குறிப்பெழுதிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

திறந்திருக்க வேண்டிய ஒன்று இசப்கோல் உமி. நார்ச்சத்து எல்லாம் ஒன்றுதான் என்று நம்பி, நான் பல மாதங்கள் கோதுமைத் தவிட்டைத் தின்று, வயிறு பறைபோல் உப்பி, இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றைப் பின்னாளில் படித்தபோதுதான் என் தவறு விளங்கியது. அதில் 275 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் இசப்கோலோ தவிடோ வெறும் அரிசி மாவோ 12 வாரங்கள் கொடுத்தார்கள். இசப்கோல் உண்டவர்களுக்குத் தெளிவான நிவாரணம் கிடைத்தது. தவிடு உண்டவர்களிலோ பலர் உபாதை கூடி இடையிலேயே விலகிவிட்டார்கள். நீரில் கூழாகும் நார், இறுகிய மலத்தை இளக்குவதோடு உனக்கு இருப்பதுபோல் நீர்த்துப் போகும் மலத்தையும் திரளச் செய்யும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளைத் தண்ணீர் கட்டாயம், ஏனெனில் போதிய நீரின்றி விழுங்கினால் அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடு.

அது போதாதென்றால் அடுத்தது பெப்பர்மின்ட் எண்ணெய்க் குளிகை. அதிலுள்ள மென்தால், குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து இழுப்பைத் தளர்த்துகிறது. இரைப்பையில் கரையாத மேலுறை உள்ளதா என்று பார். உணவுக்கு அரை மணி முன்பாக முழுதாக விழுங்கு, மெல்லாதே. அமிலமுறி மருந்தோடு சேர்த்து எடுத்தால் அந்த உறை முன்கூட்டியே கரைந்து நெஞ்சு எரியும்.

குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் பற்றி நீ நிறைய நம்பிக்கையோடு எழுதியிருந்தாய். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு நுண்ணுயிர் வகைக்குக் கிடைத்த பலனை இன்னொன்றிடம் எதிர்பார்க்க முடியாது. 12 வாரங்களுக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடு. வாங்கும்முன் இனுலின் என்னும் நார்ச்சத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்று பார், அது பெருங்குடலில் நொதித்து வாயுவைப் பெருக்கும்.

மக்னீசியமும் கற்றாழைச் சாறும் உனக்கு வேண்டவே வேண்டாம். இரண்டும் மலத்தை இளக்கக்கூடியவை. உனக்கோ வயிற்றுப்போக்குதான் தொல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் நெறியும் இந்நோய்க்குக் கற்றாழையைத் தவிர்க்கவே சொல்கிறது. வைட்டமின் டி, இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் எலும்புக்காக எடுக்க வேண்டியது, குடலுக்காக அல்ல. அதிலும் நீ வாங்கியிருப்பது மெல்லும் மிட்டாய் வடிவம். அத்தகையவற்றில் இனிப்புக்காகச் சார்பிட்டாலோ சைலிட்டாலோ சேர்ப்பதுண்டு. அவையே வயிற்றைக் கலக்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்றைக் கேட்கிறேன், மறைக்காமல் சொல். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் எந்தப் புட்டியையும் திறக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பார். இல்லாவிட்டாலும், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையையும், குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் மலப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள். சீலியாக் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதே. நிறுத்தினால் முடிவு தவறாகிவிடும்.

முடிவுகள் வந்ததும் எனக்கு அனுப்பு. ஞாயிறன்று பேசும்போது உன் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா