மேற்பலகையும் மகோகனியாக இருந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் கிட்டார் வாங்குவோருக்கான குறிப்புகள் வந்திருந்தன. புதிதாகக் கற்க வருபவர்களுக்கு அதில் பயனுள்ள செய்திகள் பல இருந்தன. ஆனால் முழுக்க மகோகனி மரத்தில் செய்த கிட்டார்களை ‘மலிவானவை, மந்தமான ஒலி கொண்டவை’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்ததைப் படித்தபின் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பாடிக்கொண்டே வாசிப்பவள் நான். மற்றவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். நாள்தோறும் என் மடியில் இருப்பது அப்படிப்பட்ட ஒரு கிட்டார்தான்.

கட்டுரையில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பொதுவாக ‘மகோகனி கிட்டார்’ என்று விற்கப்படுபவற்றில் பலவற்றுக்குப் பின்பலகையும் பக்கங்களும் மட்டுமே மகோகனி. கம்பிகளின் இழுப்பைத் தாங்கிக்கொண்டு அதிர்கிற மேற்பலகை ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். ஒலியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்த மேற்பலகைக்கே. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பின்பலகை, பக்கங்களின் மரத்தில் மட்டும் வேறுபட்ட 6 கிட்டார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்து, மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கச் செய்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் இருந்தது, மகோகனியும் இருந்தது. கலைஞர்கள் அளித்த மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. அந்த ஆறுக்கும் மேற்பலகை ஒரே வகை ஸ்புரூஸ் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. ஆகவே பின்பலகை மகோகனியாக இருக்கும் கிட்டாரை வாசித்துப் பார்த்துவிட்டு, மேற்பலகையும் மகோகனியாக இருக்கும் கிட்டாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மேற்பலகை மாறும்போது என்ன நடக்கிறது? ஸ்புரூஸ் எடை குறைந்த மரம். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 400 முதல் 450 கிலோ இருக்கும். மகோகனி 500 முதல் 600 கிலோ வரை வரும். மரத்தின் நார் ஓடும் திசையில் இரண்டின் விறைப்பும் அதிகம் வேறுபடுவதில்லை. கிட்டத்தட்ட அதே விறைப்புக்கு மகோகனி கூடுதல் எடையைச் சுமக்கிறது. கனமான பலகையை மிக வேகமாக அசைக்க ஒரு மெல்லிய கம்பியால் எளிதில் இயலாது. அதனால் ஒவ்வொரு சுரத்தோடும் ஒட்டிவரும் உச்ச மேலொலிகள் தணிந்து, அடிப்படைச் சுரம் முன்னால் வந்து நிற்கிறது. கட்டுரையாளர் மந்தம் என்று கேட்டது இதைத்தான். எனக்கு இது தெளிவு.

கட்டுரையாளர் சி கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரத்தொகுப்பை, பிடித்துக் கட்டைவிரலின் சதையால் மெல்ல வருடிப் பார்க்கட்டும். ஐந்து கம்பிகளும் ஐந்து தனிக் குரல்களாகக் காதில் விழும். அவற்றின் மேல் பளபளப்பான ஒரு படலம் மிதக்காது. நடுவில் இருக்கும் மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு இந்த மரம் தருகிற சதைப்பிடிப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் பத்தாவதான பத்தாவது ஃபிரெட்டில்கூடக் கீச்சிடுவதில்லை, உருண்டு வருகிறது. சுரம் தொடங்கும்போது மெத்தென்று ஒரு தட்டு, உடனே முழு உருவம், பிறகு நீண்டு இழுக்காமல் அடங்குதல். மெல்ல வாசிக்கும்போது இவ்வளவும் கேட்கும். கூட்ட நெரிசலில் நின்று நான்கு முறை ஓங்கி அடித்துப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் கேட்காது.

என்னுடையது தாழ்ந்த குரல். பாடல் வரிகளில் ச, ஸ, ட போன்ற மெய்களின் தெளிவு உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. ஸ்புரூஸ் மேற்பலகையில் புதுக் கம்பி போட்டு வாசித்தால் அதே இடத்தில் கம்பிகளின் மினுமினுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல்லின் ஓரங்கள் மழுங்குகின்றன. மகோகனியில் அந்த இடம் என் குரலுக்கு விடப்படுகிறது. ஒலி விரைவில் அடங்குவதால் வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு விடவும் இடம் கிடைக்கிறது. நடு ஒலி இவ்வளவு கனமாக இருந்தால் குரலோடு மோதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். கை அடங்கி வாசித்தால் மோதாது. முரட்டுத்தனமாக வாசித்தால் எந்த மரமும் மோதத்தான் செய்யும்.

பிக் என்ற மீட்டும் சில்லைக் கொண்டு எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓர் அளவுக்கு மேல் இதன் ஒலி வளராது என்பது உண்மை. ஃபிடிலும் பேன்ஜோவும் சேர்ந்து முழங்கும் குழுவில் இதைக் கொண்டுபோய் உட்கார்ந்தால் காணாமல் போய்விடும். அங்கே பெரிய உடலும் ஸ்புரூஸ் மேற்பலகையும் கொண்ட கிட்டாரே வேண்டும். ஆனால் அதே குணம் ஒலிப்பதிவில் வரமாகிறது. மெல்லிய தொடுகைக்கும் அழுத்தமான தொடுகைக்கும் இடையே ஒலி அளவில் உள்ள வேறுபாடு குறைவு. பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கமாக மைக்கை வைத்து வாசித்தால் போதும். திடீரென்று துள்ளும் சுரங்களைப் பிறகு அடக்கி ஒடுக்க வேண்டிய வேலை பெரும்பாலும் இல்லை.

கைக்கும் உடலுக்கும் இது தரும் உணர்வைக் கட்டுரை தொடவே இல்லை. ரோஸ்வுட் உடல் கொண்ட கிட்டாரைவிட இது எடை குறைவு. என் கிட்டாருக்குப் பளபளப்பான பூச்சு கிடையாது. விரலால் தடவினால் மரத்தின் நுண்துளைகள் தெரியும், வியர்த்த உள்ளங்கையும் கழுத்தில் ஒட்டாமல் வழுக்கிப் போகும். தாழ்ந்த சுரங்களை மீட்டும்போது பின்பலகையின் அதிர்வு விலா எலும்பில் உணரப்படுகிறது. சுருதி சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்பதைக் காதுக்கு முன்னால் உடல் சொல்லிவிடுகிற நேரங்கள் உண்டு. பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலக் கலவை சுற்றிய கம்பிகளையே போடுகிறேன். அவற்றின் புதுப் பளபளப்பு அடங்கிய பிறகு வரும் ஒலிதான் இந்த மரத்தின் சொந்த ஒலி என்பது என் கருத்து.

மலிவு என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே மகோகனியில் யுகுலேலே செய்து பெயர் பெற்றது. 1922-இல் அதே மரத்தை மேற்பலகையாக்கி, எஃகுக் கம்பிகளுக்கென்றே 2-17 என்ற சிறிய கிட்டாரைக் கொண்டுவந்தது. பின்னர் 1940-களில் வந்த 15-ஆம் வரிசையில் ஓரப்பட்டை போன்ற அலங்காரங்களும் கிடையாது. விலைப்பட்டியலில் அடியில் இருந்த கிட்டார்கள்தாம் இவை. அலங்காரத்தைக் குறைத்துத்தான் விலையைக் குறைத்தார்கள். அந்தப் பழைய கிட்டார்களை இன்றும் தேடிப் பிடித்து வாசிப்பவர்கள் அவற்றின் ஒலிக்காகவே தேடுகிறார்கள்.

மரமும் இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை. மத்திய, தென் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் அது எல்லை தாண்ட முடியாது. அதனால் சப்பேலி போன்ற ஆப்பிரிக்க உறவு மரங்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அவை நல்ல மரங்கள், நன்றாகவே ஒலிக்கின்றன. பெயரை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைவிட எனக்குக் கோபம் தருவது, மெல்லிய மகோகனித் தாளை ஒட்டிய பிளைவுட் மேற்பலகைக்கும் ‘முழு மகோகனி’ என்று சீட்டு ஒட்டுவது. வாங்குபவர் ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பார்க்கட்டும். மேலே தெரியும் நார்க்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். கட்டுரையாளர் மந்தம் என்று ஒதுக்கியது இப்படிப்பட்ட பிளைவுட் கிட்டாராகவும் இருக்கலாம்.

அடுத்த முறை இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது மேற்பலகை எந்த மரம், ஒற்றைப் பலகையா பிளைவுட்டா என்பதைக் கட்டாயம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அமைதியான ஓர் அறையில், யாராவது பாடும்போது வாசித்துப் பார்த்து எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கிட்டார் ஆசிரியை ஒருவர்